எவர்சில்வர் கம்பி

எங்கள் ஊரில் வேர்க்கடலையைக் களத்தில் காயப்போடுகிறவர்கள் குறைவு. செஞ்சியைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் பாறை. அதன்மேல் கொட்டிப் பரப்பிவிட்டால் ரெண்டே வெயிலில் கடலை கலகலவென்று ஆகிவிடும். அப்படித்தான் அறுபதுகளின் பிற்பகுதியில் ஒரு ஐப்பசி மதியம், திடீரென்று மழை கட்டிக்கொண்டு வந்ததும் என் மனைவி பாறைமேல் கிடந்த கடலையை வார ஓடினாள். சரிவில் பாசி பிடித்திருந்தது. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். ஆளுயரத்திலிருந்து கீழே இருந்த இன்னொரு பாறையில் இடுப்பு மோத விழுந்துவிட்டாள்.

நான் பங்குக்கோயில் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தேன். ஆள் வந்து சொல்லி, நனைந்துகொண்டே ஓடி வந்து பார்த்தால், கயிற்றுக் கட்டிலில் கிடக்கிறாள். முகம் வெளுத்திருக்கிறது. நைனா, அதாவது என் அப்பா, பக்கத்தில் உட்கார்ந்து துண்டால் விசிறிக்கொண்டிருக்கிறார். என்னைக் கண்டதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "கடலைய வாரிட்டாங்களா பாத்தீங்களா?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊரறிந்த விஷயம். "கடலையாவது மண்ணாங்கட்டியாவது" என்று கத்தினேன்.

"அதுங்கிட்ட இன்னாத்துக்குக் கத்துற? போயி வண்டிய கட்டு" என்றார் நைனா.

நைனாவைப் பற்றிச் சொல்லவேண்டும். என் அம்மா நான் சிறுவனாக இருக்கும்போதே போய்விட்டாள். நைனா மறுமணம் செய்துகொள்ளவில்லை. ஏர் ஓட்டினார், சோறு வடித்தார், எனக்குத் தலை சீவிவிட்டார். என் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்த அன்றிலிருந்து அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். மருமகள் என்ற சொல்லை அவர் வாயில் நான் கேட்டதே இல்லை. அவளும் மாமா மாமா என்று அவர் பக்கமே நிற்பாள். குழம்பில் உப்பு கூடிப்போனால் நைனா ரெண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுவார், நான் குறை சொல்லிவிடக்கூடாதே என்பதற்காக. அந்த வீட்டில் எனக்கென்று ஒரு கட்சி கிடையாது.

எலும்பு முறிந்தால் பச்சிலைக் கட்டுக்குப் போவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். ஊரே அதைத்தான் சொன்னது. நைனா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. கை கால் என்றால் கட்டலாம், இடுப்புக்கு எங்கே கட்டுவது என்று கேட்டார். ரெண்டு பஸ் மாறிப் போகவேண்டிய பெரிய மிஷன் ஆஸ்பத்திரிக்கு அவளைக் கொண்டுபோனோம். தொடை எலும்பு இடுப்போடு சேருகிற இடத்தில், கழுத்து மாதிரி ஒடுங்கிய பகுதி முறிந்திருந்தது. வயது குறைவு, அவளுடைய எலும்பையே காப்பாற்றலாம், உள்ளே ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியை ஆணி மாதிரி இறக்கினால் ஒட்டிக்கொள்ளும் என்றார் டாக்டர். அப்படியே செய்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் வேடிக்கை பார்க்க வராத ஆள் இல்லை. அந்தக் காலத்தில் எவர்சில்வர் என்றால் பெரிய பவுசு. பித்தளையைப் போட்டுவிட்டு ஒரு எவர்சில்வர் டம்ளர் வாங்க மாட்டோமா என்று பெண்கள் ஏங்கிய நாள். எதிர்வீட்டுக்காரி கட்டில் பக்கத்தில் வந்து நின்று, "எங்க வூட்ல தண்ணி குடிக்க ஒரு எவர்சில்வர் லோட்டா இல்ல. உனக்கு இடுப்புலயே வச்சு அனுப்பிட்டாங்க" என்றாள். சுவரில் சிலுவை தொங்கிக்கொண்டிருந்தது. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த என் மனைவி, "ஆண்டவருக்கு மூணு ஆணி. எனக்கு ஒண்ணுதான். பொறுத்துக்குவேன்" என்றாள். அவள் வாய்க்கு மட்டும் அடியே படவில்லை.

பொறுத்துக்கொள்ள முடியாதது அதற்கப்புறம்தான் வந்தது. தையல் ஆறி, வலி குறைந்துவருகிற நேரத்தில் தழும்பைச் சுற்றி அரிப்பு ஆரம்பித்தது. முதலில் சிவப்பு. பிறகு சின்னச் சின்ன நீர்க்கொப்புளம். உடைந்து நீர் வடியும், காயும், பக்கத்தில் புதிதாகக் கிளம்பும். தொடை முழுக்கப் பரவிவிட்டது. சொறியாதே என்றால் எப்படிச் சொறியாமல் இருப்பாள்?

நைனா ஒரு வழி கண்டுபிடித்தார். விதைக்கு எடுத்துவைத்த கடலையை மூட்டையோடு கொண்டுவந்து கட்டில் பக்கத்தில் வைத்துவிட்டு, "கை சும்மா இருந்தாத்தான் சொறியத் தோணும். ஒட" என்றார். விதைக்கடலையை நசுங்காமல் கையாலேயே உடைக்கவேண்டும். அவள் உடைப்பாள், அவர் எதிரில் உட்கார்ந்து பொக்கைப் பருப்பைப் பொறுக்குவார். அரிப்பு தாங்காமல் அவள் கை தொடைப் பக்கம் போனால், பேச்சை நிறுத்தாமலேயே அந்தக் கையில் இன்னொரு பிடி கடலையை வைப்பார். அந்த வருஷம் எங்கள் நிலத்தில் விதைத்த கடலை மொத்தமும் அவள் படுத்த படுக்கையில் உடைத்ததுதான்.

ஊரார் கருவாடு ஆகாது, கத்திரிக்காய் ஆகாது, இது கிரந்திப் புண் என்றார்கள். எல்லாவற்றையும் நிறுத்தினோம். கருவாடு இல்லாமல் அவள் முகம் இன்னும் சுருங்கியதுதான் மிச்சம். நான் ஒருநாள் பொறுமை இழந்து பத்தியச் சோற்றை எடுத்துக் கோழிக்குப் போட்டேன். மறுபடியும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம்.

இந்த முறை தளவானூரிலிருந்து என் மாமியாரும் வந்து சேர்ந்துகொண்டார். உயரமான மனுஷி. நிமிர்ந்துதான் நடப்பார், நிமிர்ந்துதான் பேசுவார். பிள்ளைகளுக்குப் பொட்டுத் தங்கமானாலும் தங்கம்தான் போட்டேன் என்பதில் அவருக்கு ஒரு பெருமை. அந்தப் பெருமையால் எங்களுக்குள் ஒரு சின்ன உரசல் இருந்துகொண்டே இருக்கும். காரணம் ஒரு ஜோடி கம்மல்.

எங்கள் பக்கத்துக் கிறிஸ்துவக் குடும்பங்களில் நிச்சயத்தன்று மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்குக் கம்மல் போடவேண்டும். தட்டில் வைத்து ரெண்டு ஊர்ப் பெரியவர்களுக்கும் காட்டி, எல்லோரும் தொட்டுப் பார்த்தபிறகுதான் காதில் ஏறும். நைனாவும் போட்டார். ஆனால் என் மனைவி அதைப் போட்டுக்கொண்டு நான் பார்த்த நாட்கள் குறைவு. திருவிழாப் பூசைக்குப் போடுவாள். வீட்டுக்கு வந்ததும் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டு, ஓட்டையில் வேப்பங்குச்சியைச் செருகிக்கொள்வாள். காது சிவந்திருக்கும். கேட்டால் வெயில் என்பாள். அவள் அம்மா வரும்போதெல்லாம், "கம்மலு எங்கடி? குச்சியப் போட்டுக்கினு நிக்கற" என்று கேட்பார். "கொயந்த புடிச்சு இழுக்குதும்மா" என்று பதில் வரும். என் மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகும் அந்தக் கம்மலைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் தொடையை அழுத்திப் பார்த்தார், படம் எடுத்துப் பார்த்தார். அதிராமல் பேசும் மனிதர். கட்டிலைச் சுற்றி நாங்கள் நின்றோம். நைனா எப்போதும்போல உள்ளே வராமல், துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு வாசல் நிலையோரம் நின்றார்.

"ரெண்டுல ஒண்ணு" என்றார் டாக்டர். "உள்ளே கம்பியைச் சுத்திச் சீழ் வச்சிருக்கலாம். அப்படின்னா கம்பியை உடனே எடுத்தாகணும். எலும்பு இன்னும் ஒட்டல. இப்ப எடுத்தா ஒட்டாமலே போயிடும். கால் குட்டையாயிடும், கட்டை ஊன்றித்தான் நடக்கணும். இன்னொண்ணு, இந்த உலோகமே இவங்க உடம்புக்கு ஒத்துக்காம இருக்கலாம். கம்பியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அளவு உலோகம் கசியும். நம்ம உடம்புல ஒரு காவல் இருக்கு. சிலருக்கு அந்தக் காவல் அதைத் திருடன்னு பிடிச்சுக்கும். அந்தச் சண்டைதான் தோல்ல தெரியும். நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல, படிச்சிருக்கேன். அதுவா இருந்தா எலும்பு ஒட்டுற வரைக்கும் மருந்து போட்டுச் சமாளிச்சு, அப்புறம் கம்பியை எடுத்துக்கலாம். கால் தப்பிச்சிடும்."

பிறகு என் மனைவியிடம் குனிந்து கேட்டார். "ஏம்மா, நகை, ஊக்கு ஏதாவது போட்டா அரிப்பு, புண்ணு வந்திருக்கா? கவரிங் கம்மல் மாதிரி?"

என் மாமியார் முந்திக்கொண்டார். "எம்பொண்ணு காதுல தங்கத்தத் தவிர எதுவும் ஏறுனதில்ல டாக்டரே. நாங்க போட்டதும் தங்கம். அவங்க போட்டதும் தங்கம்."

"நீங்க சொல்லுங்க" என்றார் டாக்டர் அவளிடம்.

என் மனைவி ஒரு நொடி வாசல் பக்கம் பார்த்தாள். பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டு, "இல்லீங்க. ஒண்ணும் வந்ததில்ல" என்றாள்.

சிவந்த காது எனக்கு ஞாபகம் வந்தது. வாயைத் திறந்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். ஏதோ பெண்கள் விஷயம், தாய்க்கும் மகளுக்கும் நடுவில் நமக்கென்ன என்று நினைத்தேன்.

டாக்டர் நிமிர்ந்தார். "அப்ப சீழ்னுதான் எடுத்துக்கணும். காய்ச்சல் இல்லாமலும் சீழ் வைக்கும். தள்ளிப்போட வேண்டாம், கம்பியை எடுத்துடலாம்" என்றார். நர்ஸிடம் ஏதோ சொல்லிவிட்டு நகர்ந்தார். என் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். முப்பது வயதுகூட முடியாதவள், இனிமேல் கட்டை ஊன்றித்தான் நடப்பாள்.

"டாக்டரய்யா" என்று வாசலிலிருந்து குரல் வந்தது. நைனா உள்ளே வந்திருந்தார். துண்டு அக்குளிலிருந்து கைக்கு வந்திருந்தது. "பாப்பா பொய் சொல்லுதுங்க."

எல்லோரும் திரும்பினோம்.

"நான் போட்ட கம்மலு தங்கம் இல்லீங்க. அந்த வருசம் மழ பேயல, கடலையெல்லாம் காஞ்சிபோச்சு. கவரிங் வாங்கித் தட்டுல வச்சிட்டேன். அடுத்த வெள்ளாமயில மாத்திப்புடலாம்னு இருந்தேன். மாத்தல. அதப் போட்ட மொத வாரத்துலயே பாப்பாவுக்குக் காது புண்ணாப் போச்சு. இதே மாதிரி கொப்புளம், இதே மாதிரி தண்ணி. எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும்ங்கறது அதுக்கும் தெரியும். இன்னிவரைக்கும் யாருகிட்டயும் மூச்சு விட்டதில்ல."

என் மாமியார் மெதுவாகக் கேட்டார். "அப்ப அத்தினி பேரு முன்னாடி தட்டுல வச்சது?"

"அதேதான் சம்மந்தி."

என் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். விழுந்த அன்றும் அழாதவள், ஆணி இறக்கியபோதும் அழாதவள். "நீங்க வெளிய போங்க மாமா, உங்கள யாரு கேட்டாங்க" என்று விம்மினாள். எனக்கும் கோபம் வந்தது. யார்மேல் காட்டுவது என்று தெரியாமல் ஜன்னல் கதவை ஓங்கிச் சாத்தினேன். நர்ஸ் வந்து திட்டினாள்.

டாக்டர் மட்டும் புதையல் கிடைத்தவர் மாதிரி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். கவரிங் நகையில் உள்பூச்சாக நிக்கல் என்று ஒன்று இருக்கும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியிலும் அதே நிக்கல் உண்டு என்றார். அந்தக் கம்மலைக் கொண்டுவர முடியுமா, முதுகில் ரெண்டு நாள் ஒட்டிவைத்துப் பார்க்கலாம் என்றார்.

நான் பஸ் பிடித்துப் போய் எடுத்துவந்தேன். அதை அவள் முதுகில் இடதுபக்கம் வைத்துப் பிளாஸ்திரி ஒட்டும்போது, என் மாமியார் தன் காதிலிருந்த கம்மலைத் திருகிக் கழற்றி நீட்டினார். "இதையும் இந்தப் பக்கம் ஒட்டுங்க டாக்டரே. எது இன்னான்னு தெரிஞ்சுபூடட்டும்." குரலில் சூடு இருந்தது. டாக்டர் மறுக்கவில்லை. அதுவும் நல்லதுதான், ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றார். ரெண்டு சம்மந்தி வீட்டுக் கம்மலையும் முதுகில் சுமந்துகொண்டு என் மனைவி குப்புறக் கிடந்தாள்.

என் மாமியார் நைனாவோடு பேசவில்லை. சோறு மட்டும் எடுத்துவைத்து, "அவருக்கும் குடுத்துடுங்க" என்று என்னிடம் தள்ளுவார். சம்மந்தி என்ற சொல் அவர் வாயிலிருந்து மறைந்துவிட்டது. நைனா வாங்கிச் சாப்பிட்டுவிட்டு ஆஸ்பத்திரி முற்றத்துப் புங்கமரத்தடியில் போய் உட்கார்ந்துகொள்வார். கையில் ஜெபமாலை.

"இன்னா நைனா ஜெபம்?" என்று பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"கம்மலு கள்ளக் கம்மலாவே இருக்கணும்னுதான்."

"அது கவரிங்னு நீதானே சொன்ன?"

"சொன்னேன். கடக்காரன் தப்பித்தவறி நல்லத எடுத்துக் குடுத்திருந்தான்னா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. உண்மையாகவே அந்தப் பயம் அவருக்கு இருந்தது. தான் செய்த பொய் பொய்தான் என்று நாலு பேர் முன்னால் நிரூபணம் ஆகவேண்டும் என்று மாதாவைக் கெஞ்சிக்கொண்டிருந்தார். அந்த மனிதரை எனக்கு அதற்கு முன்பும் பிடிக்கும். அன்றைக்குப் பிடித்ததுபோல எப்போதும் பிடித்ததில்லை.

பிளாஸ்திரியை எடுக்கும்போது எல்லோரும் கட்டிலைச் சுற்றி நின்றோம். நைனா மறுபடியும் நிலையோரம் போய்விட்டார். வலதுபக்கம், என் மாமியாரின் கம்மல் இருந்த இடத்தில் தோல் சுத்தமாக இருந்தது. இடதுபக்கம் கம்மலின் அச்சு அப்படியே சிவந்து தடித்து, அதன்மேல் சின்னச் சின்ன நீர்க்கொப்புளம். தொடையில் இருந்தது போலவே. டாக்டர் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "கம்பி இருக்கட்டும். காலுக்கு ஒண்ணும் ஆகாது" என்றார்.

என் மாமியார் தன் கம்மலை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டார். மற்றதைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாசலுக்கு நடந்தார். நைனா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார். நாலு வார்த்தை கேட்டு வாங்கிக்கொள்ளத் தயாராக நிற்கிறார் என்று எனக்குப் புரிந்தது. குறுக்கே போய் விழலாமா என்று நினைத்து ஒரு எட்டு எடுத்துவைத்தேன்.

"உங்க கம்மலு கெலிச்சிடுச்சு, சம்மந்தி" என்றார் என் மாமியார். அதை அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டு, கூஜாவை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனார்.

நைனா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு துண்டால் முகத்தைத் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

அரிப்பு அதோடு நின்றுவிடவில்லை. எலும்பு ஒட்டும்வரை களிம்பும் மாத்திரையும் கடலை மூட்டையுமாகத்தான் ஓடியது. சில நாள் அவள் கத்துவாள், சில நாள் நான் கத்துவேன். கருவாட்டுக்கும் அரிப்புக்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னதுதான் அவளுக்குப் பெரிய ஆறுதல். மறுவருஷம் படம் எடுத்துப் பார்த்து எலும்பு நன்றாகக் கூடிவிட்டது என்று கம்பியை எடுத்தார்கள். கொஞ்ச நாளில் தொடை காய்ந்து, தோல் உரிந்து, பழையபடி ஆகிவிட்டது. கம்பியை வேண்டுமானால் கொண்டுபோகலாம் என்றாள் நர்ஸ். தொட்டால் அரிக்கும் என்று இவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

அந்த முறை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி, ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஊருக்குள் போகிற மண்பாதையில் நானும் அவளும் மட்டும் நடந்தோம். அத்தனை நாள் அடக்கிவைத்திருந்த கேள்வியைக் கேட்டுவிட்டேன். கேட்கும்போதே எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"நைனா வாயத் தொறக்காம இருந்திருந்தா இன்னா பண்ணியிருப்ப? கம்பிய எடுத்திருப்பாங்க. கால் போயிருக்கும். ஒரு கவரிங் கம்மலுக்காக வாய மூடிக்கினு இருந்தியே, புத்தி இருக்குதா உனக்கு?"

அவள் நின்றாள். மூச்சு வாங்கிக்கொண்டாள்.

"கால் போனா கட்டைய ஊனிக்கினு நடப்பேன். எங்கம்மா முன்னாடி அவரு தல குனிஞ்சா, அதுக்கு எந்தக் கட்டைய குடுப்பீங்க?"

அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள். மாமா சாப்பிட்டாரோ என்னவோ என்று சொல்லிக்கொண்டே எனக்கு முன்னால் நடந்தாள். ரெண்டு காலையும் சமமாக ஊன்றி நடந்தாள்.